கோப்பி நட்ட துரைமார்

வினைத்திறன், ஆட்குறைப்பு, செலவுச் சுருக்கம் என்ற சொற்களைப் பல அரசாங்கங்களின் வாயிலாகக் கேட்டுச் செய்தியாக எழுதியவன் நான். ஒவ்வொரு தடவையும் என் நினைவுக்கு வருவது கோல்புறூக் – கமரன் ஆணைக்குழுவே.

எமது பாடநூல்களில் இவ்வாணைக்குழுவுக்கு நல்ல பெயர் உண்டு. 1832 இல் இராஜகாரியம் ஒழிந்தது. 1833 இல் ஐந்து மாகாணங்களும் சட்டநிரூபண சபையும் தோன்றின. இவை பொய்யல்ல. ஆயினும், லண்டன் இவர்களை இங்கு அனுப்பியதற்கு ஒரு முக்கிய காரணம் இலங்கையின் வரவை விஞ்சிய செலவு என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

சிக்கனத்தின் வாள் சிவில் சேவை மீது விழுந்தது. பதவிகள் குறைந்தன, சம்பளம் வெட்டப்பட்டது, ஓய்வூதியம் நிறுத்தப்பட்டது. உத்தியோகத்தர் பயிர்ச்செய்கையில் ஈடுபடுவதற்கோ தடை இருக்கவில்லை. கண்டிச் சீமையில் முடிக்குரிய காணி ஏக்கர் 5 ஷில்லிங்குக்கு விலைபோன காலம் அது. துரைமார் கோப்பித் தோட்டங்களை வாங்கினர். குடியேற்றச் செயலாளர் அன்ஸ்ட்ரதரே பெருந்தோட்டக்காரர்! காணியை விற்கும் அரசாங்கமும் அவர்களே, வாங்கும் முதலாளியும் அவர்களே. கச்சேரி அலுவல் இரண்டாம் இடத்துக்குப் போயிற்று. கோப்பிக் கன்றுகளின் கவலையில் இருந்தவருக்குக் குடிமக்களின் மொழியைக் கற்க நேரமேது? மிச்சம் பிடித்த பணம் திறைசேரிக் கணக்கில் ஏறியது. இழந்த நிர்வாகத்தை எழுத அக்கணக்கேட்டில் பத்தி இருக்கவில்லை.

1845 இல் எல்லாவற்றையும் திருப்ப வேண்டியதாயிற்று. சம்பளம் உயர்ந்தது, ஓய்வூதியம் மீண்டது. வியாபாரமும் தோட்டமும் உத்தியோகத்தருக்கு விலக்கப்பட்டன. சுதேச மொழியறிவு கேட்கப்பட்டது.

குளங்களின் கதை இதனினும் வேதனையானது. கட்டாய ஊழியம் ஒழிந்ததை நான் குறைசொல்ல மாட்டேன், அது ஒழியவேண்டியதே. ஆனால் குளக்கட்டைத் திருத்துவதும் வாய்க்காலைத் துப்புரவாக்குவதும் அவ்வழக்கத்தோடு பிணைந்திருந்தன. அவற்றை இனி யார் செய்வதென ஒருவரும் ஏற்பாடு செய்யவில்லை. பராமரிப்பற்ற குளங்கள் தூர்ந்தன. கமக்காரர் கூடித் தமது பழைய நீர்ப்பாசன வழமைகளை மீண்டும் நடைமுறைப்படுத்த இடமளிக்கும் கட்டளைச் சட்டத்தைத் தேசாதிபதி ஹென்றி வோட் 1856 இல் கொண்டுவந்தார். அதற்குள் இருபத்து நான்கு ஆண்டுகள் கடந்திருந்தன.