"கல்யாணம் எப்ப?": ஒரு கேள்வியும் 1939ஆம் ஆண்டுச் சட்டமும்

எங்களுக்கு முந்தின பட்ச் அக்கா ஒருத்தி கொழும்பில ஒரு தனியார் கம்பனிக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனவ. மூன்றாவது கேள்வியே "கல்யாணம் எப்ப?" வேலை கிடைக்கேல்லை. அந்தக் கேள்வியாலதான் கிடைக்கேல்லை எண்டு நிரூபிக்க எங்களிட்ட ஒண்டுமில்லை. அப்பிடிக் கேக்கலாமோ எண்டு சட்டத்தைத் தேடிப் போன நாங்கள், 1939ஆம் ஆண்டில் போய் நின்றோம்.

அந்த ஆண்டின் 32ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச்சட்டம்தான், தோட்டங்களிலும் தொழிற்சாலைகளிலும் உழைக்கும் பெண்களுக்கு இன்றைக்கும் அடிப்படை. சுதந்திரத்துக்கு ஒன்பது வருடம் மூத்தது. கடைகளிலும் கந்தோர்களிலும் வேலை செய்கிறவர்களுக்கு 1954இன் 19ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. கர்ப்பம் என்ற ஒரே காரணத்துக்காக ஒருத்தியை வேலையால் நிப்பாட்ட முடியாது என்பதில் இரண்டும் தெளிவு.

ஆனால் இந்தப் பாதுகாப்பு பிள்ளைகளை எண்ணிக்கொண்டுதான் வந்தது. முதல் இரண்டு பிள்ளைகளுக்கும் 84 நாள் லீவு, மூன்றாவதுக்கு 42 நாள். மூன்றாவது பிள்ளையைப் பெற்ற உடம்பு பாதி நாளில் தேறிவிடும் என்று யார் கணக்குப் பார்த்தார்களோ தெரியாது! 2018இல்தான் இரண்டு சட்டங்களையும் திருத்தி, எத்தனையாவது பிள்ளை என்றாலும் 84 நாள் என்றாக்கினார்கள்.

சரி, லீவு நாட்களுக்கான காசை யார் குடுக்கிறது? தனியார் துறையில் முழுவதும் முதலாளிதான். எங்களுக்கு முழுக் கதையின் முடிச்சும் இதில்தான் இருப்பதாகப் படுகிறது. இந்தச் செலவைத் தனித்தனி முதலாளிகளின் தலையில் போடக்கூடாது, சமூகக் காப்புறுதியோ பொதுநிதியோ ஏற்கவேண்டும் என்று சர்வதேச தொழிலாளர் தாபனத்தின் 103ஆம் இலக்க உடன்படிக்கை 1952லேயே சொல்லிவிட்டது. இலங்கை அதை 1993இல் ஏற்றுக்கொண்டது. அப்படியொரு நிதி மட்டும் வரவில்லை. ஆகவே முதலாளிக்கு இளம்பெண் என்றால் வரப்போகிற ஒரு செலவு. வேலைக்கு எடுத்தபிறகு நிப்பாட்டினால் சட்டம் பிடிக்கும். எடுக்காமலே விட்டால்? இரண்டு சட்டங்களும் உள்ளே வந்துவிட்டவளுக்கானவை, வாசலில் நிற்கிறவளைப் பற்றி அவை பேசுவதில்லை.

அரசியலமைப்பின் 12(2)ஆவது உறுப்புரை பால் அடிப்படையிலான பாரபட்சத்தைத் தடுக்கிறதே என்று நாங்களும் சந்தோசப்பட்டோம். ஆனால் அடிப்படை உரிமை வழக்கு அரச நிறைவேற்று, நிருவாகச் செயல்களுக்கு எதிராகத்தான். கம்பனியை அதில் நிறுத்த முடியாது.

"கவர்மெண்ட் வேலையா பார் பிள்ளை" என்று வீட்டில் சொல்லும்போது நாங்கள் சிரிப்போம். தாபனக் கோவையைப் பார்த்தபிறகு சிரிப்பு வரவில்லை. அரச ஊழியருக்கு 84 நாள் முழுச் சம்பளத்தோடு, அடுத்த 84 நாள் அரைச் சம்பளத்தோடு, விரும்பினால் இன்னொரு 84 நாள் சம்பளமில்லாமல். அம்மாமாருக்கு இந்தக் கணக்கு எப்பவோ தெரிஞ்சிருக்கு.

அக்கா அடுத்த கிழமை இன்னொரு நேர்முகத் தேர்வுக்குப் போறா. நிச்சயதார்த்த மோதிரத்தைக் கழட்டி வச்சிட்டுப் போகட்டோ எண்டு எங்களிட்ட கேட்டவ.