பாஞ்சாலியின் பாடம் வந்த வழி

மரக்காணம் உப்பளங்களில் வேலை மும்முரமாக இருக்கும் கோடையில்தான் இந்த வட்டாரத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்தும் நடக்கும். மரக்காணம் இருக்கும் இதே விழுப்புரம் மாவட்டத்தில்தான் செஞ்சியும், அம்மனின் ஆதிக்கோயிலாகப் பலர் போற்றும் மேலச்சேரியும் இருக்கின்றன. துச்சாதனன் பற்றி இழுத்த கூந்தலை, பகை முடியும்வரை முடியமாட்டேன் என்று பாஞ்சாலி சபதம் செய்யும் பாடம் இந்தப் பக்கத்துக் கூத்துக்கு உயிர்.

அந்தச் சபதம் வில்லிபுத்தூரார் பாரதத்தில் இருக்கிறது. பகலில் பிரசங்கியார் அதைப் படித்துப் பொருள் சொல்வார். இரவில் அதே கதை விருத்தம், தரு, வசனம் என்று பிரிந்து கூத்தாகும். வாத்தியார்கள் அந்தப் பாடத்தை ஓலையில் எழுதி வைத்தார்கள். பிறகு நோட்டுக்கு மாற்றினார்கள். தெற்கே புதுச்சேரியில் பாரதி அதே சபதத்தைக் காவியமாக்கினார். முதற்பாகம் 1912இல் அச்சேறியது. கூத்துப் பாடமோ அச்சோடு நிற்கவில்லை. நெஞ்சில் ஏறினால்தான் அது பாடம்.

எப்படி ஏறுகிறது? கூத்துக்கு வரும் பையன் முதலில் பின்பாட்டுக்காரர்களோடு நிற்கிறான். தாளம் பிடிபடுகிறது, பிறகு மெட்டு, சொல் அந்த மெட்டோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. வாத்தியார் ஒரு அடி சொல்ல, அவன் திருப்பிச் சொல்கிறான். பல இரவுகள் கேட்டுக் கேட்டே மற்ற வேஷங்களின் பாடமும் அவனுக்கு வந்துவிடுகிறது. மேடையில் துணையும் உண்டு. வேஷக்காரர் பாடிய அடியைப் பின்பாட்டு வாங்கிப் பாடும் நேரத்தில் அடுத்த அடி நினைவுக்கு வரும். கட்டியக்காரன் கேட்கும் கேள்வியே வசனத்துக்கு வாசல் திறந்துவிடும். ஒருவர் மறந்தாலும் கூட்டம் மறக்காது.

தலைமுறை தலைமுறையாகப் பாஞ்சாலியின் பாடம் ஆண்களின் குரலிலேயே இருந்தது. காஞ்சிபுரம் பக்கத்தில் 1990இல் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கம் பின்னாளில் குருகுலம் நடத்திப் பெண்பிள்ளைகளுக்கும் கூத்து கற்பித்தது. ஒரு பெண் சபையில் கேட்ட நியாயம் பெண்ணின் குரலுக்கே வந்துசேர்ந்தது. பாடத்தின் பயணத்தில் இதைவிடப் பெரிய திருப்பம் வேறில்லை.

பாரதப் போர் முடியும் படுகளத்தன்று மண்ணில் கிடத்திய துரியோதனன் உருவத்தின்மேல் பாஞ்சாலி கூந்தல் முடிகிறாள், பின்பு தீமிதி. சபதத்தை மனப்பாடம் செய்தவர் அதை நிறைவேற்றியும் காட்ட வேண்டும். இடையில் இருக்கும் இரவுகளைச் செலவு கருதிக் குறைத்தால், ஆடப்படாத கதைகளின் பாடம் ஒவ்வொன்றாக மறந்துபோகும். நோட்டைப் பத்திரப்படுத்துவதும் ஒலிப்பதிவு செய்வதும் நல்லவையே. ஆனால் ஊர்கள் முழுப் பாரதமும் ஆடச்சொல்லிக் கூத்துக் குழுவை அழைத்தால்தான், இன்று பின்பாட்டில் நிற்கும் பிள்ளைக்கு அந்தப் பாடம் போய்ச்சேரும்.