கருப்பைக்குப் பின்னால் ஒரு கல்லீரல்

பெருங்குடல் அழற்சிக்கு இன்றும் கொடுக்கப்படும் சல்பாசலசின் மாத்திரையை உருவாக்கியவர் நன்னா ஸ்வார்ட்ஸ் என்ற ஸ்வீடன் மருத்துவர். மூட்டுவாதத்துக்கு மருந்து தேடியவர், குடல் நோயாளிகளிடம் அது வேலை செய்வதைக் கண்டு 1942இல் எழுதினார். 1937இல் அவர் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் பேராசிரியரானபோது, ஸ்வீடனின் அரசு உயர்கல்வி நிறுவனங்களில் அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். கல்லீரல் பக்கம் திரும்பினால் ஷீலா ஷெர்லாக் நிற்கிறார். பெண் என்பதால் இங்கிலாந்தின் மருத்துவக் கல்லூரிகளில் இடம் கிடைக்காமல் எடின்பரோவுக்குப் போய்ப் படித்தவர். 1959இல் பிரிட்டனின் முதல் பெண் மருத்துவப் பேராசிரியர். உடலின் எதிர்ப்பாற்றலே கல்லீரலைத் தாக்கும் நோய் ஒன்று உண்டு. பெண்களையே அதிகம் பிடிப்பது. அதற்கு ஸ்டீராய்டு கொடுத்தால் உயிர் தங்குகிறது என்பதை 1971இல் அவரது குழுவின் ஒப்பீட்டுச் சோதனை காட்டியது.

அதற்கு ஆறே ஆண்டு கழித்து, 1977இல், அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. கருத்தரிக்கும் வாய்ப்புள்ள பெண்களை மருந்துச் சோதனைகளின் முதல் கட்டத்திலும் இரண்டாம் கட்டத்தின் தொடக்கத்திலும் சேர்க்க வேண்டாம் என்றது. உயிருக்கு ஆபத்தான நோய்களுக்கு மட்டும் விலக்கு. தாலிடோமைடு தந்த அச்சம் அதன் பின்னால் இருந்தது, அது நியாயமான அச்சம்தான். ஆனால் யாரெல்லாம் அந்தப் பெண்கள் என்று படித்தபோது எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்தே வந்தன. கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவள், தனியாக வாழ்பவள், கணவன் குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டவள் எல்லோரும் அந்தப் பட்டியலில் உண்டு. பெண்ணின் சொல்லையும் நம்பவில்லை, அவள் கணவனின் அறுவைச் சிகிச்சையையும் நம்பவில்லை.

முதல் கட்டம் என்பது சாதாரணமானதல்ல. மருந்தை மனித உடல் எவ்வளவு தாங்கும், கல்லீரல் அதை எப்படிச் சிதைக்கிறது, எதைக் கெடுக்கிறது என்று அங்கேதான் பார்க்கிறார்கள். அங்கே பெண் இல்லையென்றால் ஆணுக்கு அளந்ததே அவளுக்கும் அளவாகும். சோல்பிடெம் என்ற தூக்க மாத்திரை பெண்களின் உடலிலிருந்து மெதுவாகவே வெளியேறுகிறது. அமெரிக்காவில் இருபது ஆண்டு விற்ற பிறகு, 2013இல்தான் பெண்களுக்கான தொடக்க அளவைப் பாதியாகக் குறைத்தார்கள்.

1993 ஜூலையில் அந்தத் தடை விலக்கப்பட்டது. வெற்றி என்று எழுதி முடித்துவிடலாம், பல வரலாறுகள் அப்படித்தான் முடிக்கின்றன. ஆனால் அதற்கு முந்தைய மாதம்தான், அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் ஹெபடைடிஸ் பி நோயாளிகள் 15 பேருக்குக் கொடுத்துவந்த ஃபியலுரிடின் மருந்தின் சோதனை பாதியில் நின்றது. ஏழு பேருக்குக் கல்லீரல் செயலிழந்தது. ஐந்து பேர் இறந்தார்கள், இருவர் மாற்றுக் கல்லீரலால் பிழைத்தார்கள். பெண்களுக்குத் திறந்துவிட்ட அறைக்குள் இதுவும் இருந்தது. உள்ளே போவது வரம் என்று நான் சொல்லமாட்டேன். தெரிந்துகொண்டு போகவும் தெரிந்துகொண்டு மறுக்கவும் அவளுக்கு உரிமை உண்டு என்பதற்கு மேல் சொல்ல எனக்குத் துணிவில்லை.

இதையெல்லாம் நான் தேடிப் படித்தது தமிழால்தான். கல்லீரலும் குடலும் சேர்ந்து பாதிக்கப்பட்டவர்களுக்கான ஒரு தொடக்க கட்டச் சோதனையின் ஒப்புதல் படிவம் மொழிதிருத்த என்னிடம் வந்தது. 'கல்லீரல் சார்ந்த விரும்பத்தகாத விளைவுகள் நிகழக்கூடும்' என்றிருந்தது. 'கல்லீரல் கெடலாம், உயிர் போகவும் கூடும்' என்று மாற்றினேன். 'இந்த மருந்தால் உங்களுக்குக் குணம் கிடைக்காமலும் போகலாம்' என்ற வரி பத்தாம் பக்கத்தில் ஒளிந்திருந்தது, முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்தேன்.

கடைசிப் பக்கத்தில், பெண் பங்கேற்பாளருக்கு மட்டும், அவள் கையொப்பத்துக்குக் கீழே 'கணவர் / தந்தை கையொப்பம்' என்று ஒரு கோடு. சுயநினைவோடு இருக்கும் வயதுவந்த பெண்ணுக்குச் சட்டம் அதைக் கேட்கவில்லையே என்றேன். "வழக்கமா இருக்கிறதுதான் மேடம்" என்றார் அனுப்பியவர்.

அந்தக் கோட்டைச் சிவப்பு மையால் அடித்துத் திருப்பி அனுப்பினேன்.