தோட்டா முதுமையடைதல்

தோட்டா முதுமையடைதல் என்பது செய்து முடிக்கப்பட்ட துப்பாக்கித் தோட்டா சேமிப்பில் இருக்கும் காலத்தில் அதன் உந்துமருந்து, பித்தளை உறை, தீமூட்டி ஆகியவற்றில் ஏற்படும் வேதியியல், இயற்பியல் மாற்றங்களைக் குறிக்கும். ஒரே நாளில், ஒரே எடை மருந்திட்டுச் செய்யப்பட்ட தோட்டாக்கள் சில ஆண்டுகள் கழித்துச் சுடப்படும்போது குண்டு வெளியேறும் விரைவு கூடியோ குறைந்தோ காணப்படுவது இதன் விளைவாகும். தொழிற்சாலைத் தோட்டாக்களிலும் இது நிகழ்கிறது. எனினும் ஐக்கிய அமெரிக்கா போன்ற நாடுகளில் குறிபார்த்துச் சுடுவோர் தாமே மருந்திட்டு அமைத்துக்கொள்ளும் தோட்டாக்களிலேயே இது மிகுதியாகக் கவனிக்கப்படுகிறது. அவர்கள் ஒவ்வொரு தோட்டாவின் விரைவையும் கருவி கொண்டு அளப்பது இதற்கு ஒரு காரணம். இந்தியாவில் 1959 ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டப்படி உரிமம் இன்றித் தோட்டா செய்தல் குற்றமாகும்.

உந்துமருந்தில் நிகழும் மாற்றம்

கரிமருந்து எனப்படும் பழைய வெடிமருந்து வெடியுப்பு, கரி, கந்தகம் ஆகியவற்றின் கலவை மட்டுமே. ஈரம் படாமல் காத்தால் அது நெடுங்காலம் கெடாது. 1884 இல் பிரான்சு நாட்டின் பவுல் வியேல் உருவாக்கிய புகையிலா மருந்தும் அதன் வழிவந்தவையும் அப்படியல்ல. இவற்றின் அடிப்படையான நைட்ரோசெல்லுலோசு தயாரான நாளிலிருந்தே மிக மெதுவாகச் சிதைந்துகொண்டிருக்கும். சிதைவில் வெளியேறும் நைட்ரசன் ஆக்சைடுகள் அமிலமாகி மேலும் சிதைவைத் தூண்டும். இதைத் தடுக்க டைபீனைலமீன் போன்ற நிலைப்படுத்திகள் சேர்க்கப்படுகின்றன. நிலைப்படுத்தி அந்த ஆக்சைடுகளைப் பிடித்துக்கொண்டு தானே செலவாகிறது. அது தீர்ந்த மருந்துக்குப் பாதுகாப்பில்லை.

விரைவு மாற்றத்துக்கு இச்சிதைவை மட்டும் காரணம் கூறுவது சரியன்று. சில ஆண்டுகளுக்குள் தெரியும் மாற்றம் பெரும்பாலும் ஈரப்பதத்தால் வருவது. மருந்து மணிகளில் சிறிதளவு நீரும் தயாரிப்பில் பயன்பட்ட கரைப்பானின் எச்சமும் இருக்கும். வறண்ட காற்றில் இவை வெளியேறினால் மருந்து விரைந்து எரியும். அறை அழுத்தமும் விரைவும் ஏறும். ஈரக்காற்றில் இருந்தால் இதற்கு எதிர்மாறாக நிகழும். மணிகளின் மேற்பரப்பில் எரிதலைத் தணிக்கப் பூசப்படும் பொருள் காலப்போக்கில் உள்நோக்கிப் பரவுவதும் தொடக்க எரிவேகத்தை மாற்றும். மிகப் பழைய மருந்தில் நைட்ரோசெல்லுலோசின் நீண்ட மூலக்கூறுகள் அறுபட்டு மணிகள் நொறுங்கும். அப்போது எரியும் பரப்பு கூடுவதால் அழுத்தம் எதிர்பாராமல் உயரக்கூடும்.

வெப்பம் இவை எல்லாவற்றையும் விரைவுபடுத்துகிறது. அருப்புக்கோட்டை, திருச்சுழி, பரளச்சி போன்ற வறள்நிலப் பகுதிகளில் கோடை வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் வைக்கப்படும் மருந்து, குளிர்ந்த அறையில் உள்ளதைவிடப் பன்மடங்கு விரைவாக முதுமையடையும். இதனுடன் குழப்பிக்கொள்ளக் கூடாத ஒன்றும் உண்டு. சுடும் நேரத்தில் தோட்டா சூடாக இருந்தாலே விரைவு கூடும். கார்த்திகையில் அளந்ததையும் சித்திரையில் அளந்ததையும் ஒப்பிட்டு மருந்து கெட்டுவிட்டது என்று முடிவு செய்தல் ஆகாது.

பித்தளை உறை

குண்டு உறையின் கழுத்தில் இறுக்கத்தால் மட்டுமே நிற்கிறது. நாளடைவில் குண்டின் மேலுறையும் பித்தளையும் தொடும் இடத்தில் ஒட்டிக்கொள்வதுண்டு. கழுத்தின் உட்புறத்தை மிகத் தூய்மையாகக் கழுவிய உறைகளில் இது மிகுதி; சிறிது கரிப்படிவு இருப்பதே நன்று எனப் பலர் அதனை அகற்றுவதில்லை. ஒட்டிய குண்டை வெளியேற்றக் கூடுதல் விசை தேவைப்படும். எல்லாத் தோட்டாக்களும் ஒரே அளவில் ஒட்டுவதில்லை என்பதால் விரைவு தோட்டாவுக்குத் தோட்டா வேறுபடும்.

இதற்கு மாறான சிக்கல் ஒன்றைப் பிரித்தானியப் படை இந்தியாவிலேயே சந்தித்தது. மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைக்கப்பட்ட தோட்டாக்களின் கழுத்து வெடித்துக் காணப்பட்டது. குதிரைச் சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியாவும் ஈரமும், தயாரிப்பின்போது பித்தளையில் தங்கிய தகைவும் சேர்ந்தே இதற்குக் காரணம் என 1921 இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகியோர் விளக்கினர். உறைகளைச் சூடாக்கித் தகைவை நீக்குதல் இதன் தீர்வாகும்.

கார்டைட்டும் அருவங்காடும்

1889 இல் பிரெடெரிக் ஆபெல், சேம்சு தேவார் ஆகியோர் உருவாக்கிய கார்டைட்டு 58 விழுக்காடு நைட்ரோகிளிசரின், 37 விழுக்காடு பஞ்சுவெடிமருந்து, 5 விழுக்காடு வாசலின் ஆகியவற்றால் ஆனது. குழலுக்கு வழவழப்பூட்டவே வாசலின் சேர்க்கப்பட்டது. அது நிலைப்படுத்தியாகவும் செயற்படுவது பின்னரே அறியப்பட்டது. இம்மருந்தை இந்தியாவிலேயே செய்ய நீலகிரி மாவட்டம் குன்னூருக்கு அருகில் அருவங்காட்டில் 1903 இல் தொழிற்சாலை நிறுவப்பட்டது. 2021 அக்டோபர் முதல் இது மியூனிசன்சு இந்தியா என்னும் அரசு நிறுவனத்தின் கீழ் உள்ளது.

மருந்தின் நிலைப்புத்தன்மையை அறிய ஆபெல் வகுத்த சோதனை எளியது. மருந்தைக் குறித்த வெப்பநிலையில் சூடாக்கி, மாவுப்பொருளும் பொட்டாசியம் அயோடைடும் தோய்ந்த தாளை அதன்மேல் தொங்கவிடுவர். தாள் நிறம் மாற எடுக்கும் நேரமே அளவுகோல்; விரைந்து மாறினால் மருந்து கெட்டுவிட்டது.

கெட்ட மருந்து

புளித்த அமில நெடி, செம்பழுப்பு ஆவி, துருநிறத் தூள், உறையின் உட்புறத்தில் பச்சைக் களிம்பு ஆகியன அறிகுறிகள். இத்தகைய மருந்து தானே தீப்பற்றவும் கூடும். துலோன் துறைமுகத்தில் 1907 மார்ச்சில் இயேனா, 1911 செப்டம்பரில் லிபெர்த்தே ஆகிய பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள் சிதைந்த உந்துமருந்தால் வெடித்தழிந்தன. இவ்விரு விபத்துகளிலும் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். அதன் பிறகே பிரெஞ்சுக் கடற்படையில் பழைய மருந்தைக் காலவரையறைப்படி சோதித்து விலக்கும் முறை கடுமையாக்கப்பட்டது.