நெஞ்சைக் காக்கும் மருந்தும் வயிற்றுப் புண்ணும்

மதுரையில், வைகையின் வடகரையில் அமைந்துள்ளது அரசு இராசாசி மருத்துவமனை. 1940-ஆம் ஆண்டில் எர்ஸ்கின் மருத்துவமனை என்னும் பெயரோடு அது தோன்றியது. 1954-இல் மதுரை மருத்துவக் கல்லூரி தொடங்கப்பெற்றது. மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் முதலிய ஊர்களினின்றும் நோயாளர் நாள்தோறும் அங்கு வருகின்றனர். அவர்களுள் மாரடைப்பினின்று மீண்டவர்க்குத் தரப்பெறும் மருந்துகளுள் ஒன்று, குருதி உறைவதைத் தடுக்கும் மாத்திரை. ‘இரத்தத்தை இளக்கும் மாத்திரை’ என்று மக்கள் அதனைச் சொல்வர். உண்மையில் அது குருதியை நீர்த்துப் போகச் செய்வதில்லை. கட்டியாக உறையும் ஆற்றலையே குறைக்கின்றது. நெஞ்சைக் காக்கும் அம்மருந்தே சிலருக்கு வயிற்றில் குருதிப் பெருக்கை உண்டாக்குவதும் உண்டு. மாணவ நண்பர்களே, அவ்விடரை மருத்துவ உலகம் அறிந்த வரலாற்றையும் தடுக்கக் கற்ற வரலாற்றையும் இங்குக் காண்போம்.

வயிற்றுப் புண் நம் தென்னாட்டுக்குப் பழகிய நோயாகும். 1922-இல் எவரெஸ்ட் சிகரத்தில் ஏற முயன்ற குழுவில் சாமர்வெல் என்னும் ஆங்கில அறுவை மருத்துவர் இருந்தார். மலையினின்று இறங்கிய பின்னர் அவர், இன்று குமரி மாவட்டத்தில் உள்ள நெய்யூரின் மிஷன் மருத்துவமனையைக் கண்டார். அங்குக் காத்திருந்த நோயாளர் கூட்டம் அவர் உள்ளத்தை உருக்கியது. தம் நாட்டில் கிடைக்கவிருந்த உயர்வைத் துறந்து, அங்கேயே பணியாற்றத் துணிந்தார். முன்சிறுகுடற் புண்ணுக்கு அவர் செய்த அறுவை மருத்துவங்கள் மிகப் பல. 1964-இல் இரயில்வே மருத்துவர் மல்கோத்ரா, இந்நோய் வடநாட்டினும் தென்னாட்டில் மிகுதி என எழுதினார். காரணம் உணவா, மெல்லும் முறையா என அறிஞர் ஆராய்ந்து வந்தனர். 1982-இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் வாரன், மார்ஷல் என்னும் இருவர், இரைப்பையில் வாழும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் நுண்ணுயிரியை வளர்த்துக் காட்டினர். பெரும்பாலான புண்களுக்கு அதுவே வேர் எனத் தெளிவாயிற்று. 2005-இல் அவர்கள் நோபல் பரிசு பெற்றனர்.

இனி, குருதி உறைவதைத் தடுக்கும் மருந்துகளின் கதையைக் கேளுங்கள். 1920-களில் கனடாவிலும் அமெரிக்காவிலும் கால்நடைகள் சிறு காயத்திலும் குருதி வடிந்து மாண்டன. பூசணம் பிடித்த இனிப்புக் குளோவர் என்னும் தீவனமே காரணம் எனக் கண்டனர். 1933-இல் விஸ்கான்சின் மாநிலத்து உழவர் ஒருவர், உறையாத குருதியைப் பால் பாத்திரத்தில் ஏந்திப் பனிப்புயலினூடே பல்கலைக்கழகத்துக்கு வந்தார். அங்கு லிங்க் என்னும் வேதியியலறிஞரின் குழு, பல ஆண்டு உழைத்து அத்தீவனத்திலிருந்த பொருளைப் பிரித்தெடுத்தது. அதன் வழிப் பிறந்ததே வார்பரின். 1948-இல் எலி நஞ்சாக விற்ற அப்பொருள், 1954-இல் மனிதர்க்கு மருந்தாயிற்று. ஆஸ்பிரினோ 1899 முதல் காய்ச்சலுக்கும் வலிக்கும் உதவிய மாத்திரை. மாரடைப்புற்ற 17,187 பேரிடம் நடந்த ஆய்வொன்று, அது உயிர் காக்கும் என்பதை 1988-இல் நிலைநாட்டியது.

ஆயின் ஆஸ்பிரின் வயிற்றை ஏன் தாக்குகின்றது? 1971-இல் ஜான் வேன் விடை கண்டார். புராஸ்டகிளாண்டின் என்னும் பொருள் உடலில் உண்டாவதை அது தடுக்கின்றது. அப்பொருளே இரைப்பையின் உட்சுவரை அமிலத்தினின்று காப்பது. காப்புக் குறைந்த சுவரில் புண் தோன்றுகின்றது. குருதியும் எளிதில் உறைவதில்லை. முன்னரே புண்ணோ அந்நுண்ணுயிரியோ இருப்பின் இடர் பன்மடங்காகும். மருந்து குருதியில் கலந்த பின்னும் இவ்வாறு வேலை செய்வதால், மாத்திரைக்கு மேற்பூச்சு இடுவது முழுக் காப்பு ஆகாது.

அமிலத்தை அடக்கும் மருந்துகளே துணை வந்தன. 1976-இல் ஜேம்ஸ் பிளாக்கின் ஆய்வால் சிமெடிடின் வந்தது. 1980-களின் இறுதியில் அதனினும் வலிய ஒமெப்ரசோல் வந்தது. முன்பு ஆஸ்பிரினால் வயிற்றில் குருதி பெருகிய 320 பேரை ஹாங்காங் மருத்துவர்கள் ஆய்ந்து, 2005-இல் முடிவை வெளியிட்டனர். குளோபிடோகிரெல் என்னும் மாற்று மருந்தை மட்டும் உண்டவருள் நூற்றுக்கு 8.6 பேருக்கு மீண்டும் குருதி பெருகிற்று. ஆஸ்பிரினோடு அமிலம் அடக்கும் மருந்தையும் உண்டவருள் நூற்றுக்கு 0.7 பேருக்கே பெருகிற்று. முன்பு புண் வந்தவர், முதியோர், உறைதலைத் தடுக்கும் மருந்து இரண்டை உண்போர் ஆகியோர்க்கு இக்காப்பு வேண்டுமா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். நுண்ணுயிரி இருப்பின் அதனையும் ஒழிப்பார்.

பாட்டனாரின் மருந்துச் சீட்டைப் படித்துச் சொல்லும் பொறுப்பு பல வீடுகளில் உங்களுடையதே. முழங்கால் வலிக்கென்று கடையில் தாமாக வாங்கும் வலிநிவாரணி, இம்மருந்தோடு சேர்ந்தால் வயிற்றுக்குப் பெருந்தீங்கு செய்யும் என்று சொல்லுங்கள். பழைய வயிற்றுப் புண்ணை மருத்துவரிடம் மறைக்கலாகாது என்றும் சொல்லுங்கள். மலம் தார் போல் கறுத்தாலும், வாந்தியில் குருதி கண்டாலும், பொழுது விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அச்சத்தால் இதய மருந்தைத் தாமாக நிறுத்துவதும் ஆபத்தே. நெஞ்சின் குழாயில் மீண்டும் கட்டி உறையக்கூடும். நிறுத்துவதா, மாற்றுவதா என்பதை மருத்துவரே சொல்லல் வேண்டும். ஒரு நூற்றாண்டு ஆராய்ச்சியின் பயன், நீங்கள் சொல்லும் இச்சில சொற்களால் உங்கள் வீட்டுக்கும் வந்து சேரும்.