பைலா (துணைவிதி)

சட்டமன்றமோ நாடாளுமன்றமோ அளித்த அதிகாரத்தைக் கொண்டு, ஓர் உள்ளாட்சியோ சங்கமோ தன் எல்லைக்குள் மட்டும் செல்லுபடியாகும்படி வகுக்கும் விதி பைலா. தமிழ்நாட்டில் இதைத் துணைவிதி என்றும் இலங்கையில் உபவிதி என்றும் எழுதுவர். கூட்டுறவுச் சங்கங்களின் அன்றாடப் பேச்சில் ‘பைலா’ என்பதே வழக்கு.

துணை, உப என்னும் அடைகள், ‘பை’ என்பதற்குப் பக்கத்தில் நிற்பது, கிளையானது என்று பொருள்கொண்டு அமைந்தவை. சொல்லின் பிறப்போ வேறு. பழைய நார்ஸ் மொழியில் ‘பீ’ என்பது குடியிருப்பை, ஊரைக் குறிக்கும். ‘லா’ என்பதன் மூலமும் அம்மொழியே. 9ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய டேனியர்களோடு இச்சொற்கள் வந்தன. டெர்பி, விட்பி, கிரிம்ஸ்பி ஆகிய ஊர்ப்பெயர்களின் ஈற்றில் இருப்பதும் அந்த ‘ஊர்’தான். ஆக, பைலாவின் நேர்ப்பொருள் ஊர்ச்சட்டம். எப்போது மாடு மேய்க்கலாம், அறுத்த வயலில் யார் கதிர் பொறுக்கலாம் என்று இடைக்கால ஆங்கிலக் கிராமத்தார் கூடி வகுத்த விதிகள் இந்தப் பெயரையே தாங்கின. நம் ‘ஊர்க்கட்டுப்பாடு’ துணைவிதியைவிட மூலத்துக்கு நெருக்கமானது. ‘பை’ என்பதற்கு ஆங்கிலத்தில் ‘அருகில்’ என்றும் பொருள் இருந்ததால், ஊர் மறைந்து கிளைப்பொருள் மேலேறியது. தமிழாக்கம் பின்பற்றியது இந்தப் பிற்காலப் பொருளை.

இந்தக் குழப்பம் எழுத்துக்கூட்டலிலும் தெரிகிறது. முதல் பாதியை ‘பி, ஒய்’ என இரண்டெழுத்தில் எழுதுவோரும், ‘இ’ சேர்த்து மூன்றெழுத்தில் எழுதுவோரும் உண்டு. நடுவே சிறுகோடு இடுவோரும் விடுவோரும் உண்டு. பிரிட்டனின் 1972ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம் ‘இ’ சேர்த்து, கோடின்றி ஒரே சொல்லாக எழுதுகிறது. இந்திய அரசமைப்பு ‘இ’யையும் கோட்டையும் சேர்க்கிறது. அமெரிக்காவில் ‘இ’ இல்லை; அங்கே இச்சொல் பெரும்பாலும் நிறுவனங்களின் உள்விதிகளைக் குறிக்கும். சொல்லின் மூலத்தைப் பார்த்தால் ‘இ’க்கு வேலை இல்லை.

தாய்ச்சட்டம் தந்த அதிகாரத்தைத் துணைவிதி மீறக்கூடாது, நியாயமற்றதாகவும் இருக்கக்கூடாது. 1898இல் குரூஸ் எதிர் ஜான்சன் வழக்கில் இது அலசப்பட்டது. நிறுத்தச் சொன்ன பிறகும் வீடுகளுக்கு 50 கெஜத்துக்குள் பொது இடத்தில் பாடுவதைத் தடுத்த கென்ட் கவுண்டி மன்றத்தின் விதி செல்லும் என்று தீர்ப்பானது. மக்கள் தேர்ந்தெடுத்த உள்ளாட்சியின் விதியை நீதிமன்றம் நல்லெண்ணத்தோடு அணுக வேண்டும் என்பது அதில் நிலைபெற்ற கொள்கை. இந்தியாவில் அரசமைப்பின் 13ஆவது உறுப்பு ‘சட்டம்’ என்பதற்குள் துணைவிதியையும் சேர்ப்பதால், அடிப்படை உரிமைக்கு முரணான நகராட்சித் துணைவிதி அம்முரண்பாட்டின் அளவுக்குச் செல்லாது.