ராயபுரமும் விருப்ப மனுவும்

அமெரிக்காவில் கட்சியின் வேட்பாளர் யார் என்பதைப் பெரும்பாலும் முதனிலைத் தேர்தலில் வாக்காளர்களே முடிவு செய்கிறார்கள். இங்கே விருப்ப மனு, நேர்காணல், பிறகு தலைமையின் பட்டியல். தொண்டருக்கு மிச்சம் கைதட்டல்தான்.

ராயபுரத்துக்கு அந்தப் பட்டியலில் சுவாரசியமே இருந்ததில்லை. 1991 முதல் 2021 வரை ஏழு சட்டமன்றத் தேர்தல்களிலும் அ.தி.மு.க. நிறுத்தியது டி. ஜெயக்குமாரைத்தான். காசிமேட்டில் கிழிந்த வலையைப் பின்னும் பழைய இரட்டை இலைக்காரருக்குச் சின்னமும் ஆளும் ஒன்றாகிப் போயின. முதல் முறை வென்றார். 1996 அலையில் சறுக்கினார். 2001இலிருந்து தொடர்ந்து நான்கு வெற்றி. நடுவில் சபாநாயகர், நிதி, மீன்வளம் என்று பதவிகள் வேறு.

பக்கத்துத் திருவொற்றியூரில் தி.மு.க.வின் கணக்கு குடும்பக் கணக்கு. 2020இல் கே.பி.பி. சாமி மறைந்தார், 2021இல் தம்பி கே.பி. சங்கர் நின்று வென்றார்.

அதே தேர்தலில் ராயபுரம் ஜெயக்குமாரைக் கைவிட்டது. பா.ஜ.க. கூட்டணிதான் காரணம் என்று பின்னாளில் அவரே சொன்னார்.